வயற்காட்டுச் சேனை – 14: நார்விச் நகரிலிருந்து ஒரு ஹாஸ்யம்

சென்ற வாரம் நாம் பக்கிங்காம் அரண்மனையில் நின்றோம். 1950-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி, பழுப்புக் கால்சராயும் பச்சைக் கம்பளிச் சட்டையும் தரித்த பெண்கள் ராணியாரின் முன்னிலையில் கடைசி முறையாக அணிவகுத்துச் சென்றதையும், அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டனின் பெண்கள் நிலப்படை கலைந்து போனதையும் கண்டோம்.

அதற்கு முந்திய வாரங்களில் படித்தவற்றைச் சுருக்கமாக ஞாபகப்படுத்திக்கொள்வது நலம். முதல் உலக யுத்தத்தில் 1917-ல் தோன்றி மறைந்த அந்தப் படை, 1939-ம் வருஷம் ஜூன் மாதத்தில் லேடி டென்மனின் தலைமையில் மறுபடியும் திரட்டப்பட்டது. ஸஸெக்ஸில் பால்கம் பிளேஸ் என்ற அவருடைய சொந்த மாளிகையே தலைமைக் காரியாலயமாயிற்று. 1943-ல் படையின் பலம் 80,000 பேரைத் தாண்டியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் லண்டனிலிருந்தும் வடக்கிலுள்ள ஆலை நகரங்களிலிருந்தும் வந்த பெண்கள்.

ஆரம்பத்தில் அவர்களுக்கு வாரச் சம்பளம் 28 ஷில்லிங். அதில் பாதி, அதாவது 14 ஷில்லிங், சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் என்று பிடித்துக்கொள்ளப்பட்டது. அதே வயலில் அதே வேலையைச் செய்த ஆண் பெற்றதோ சராசரி 38 ஷில்லிங். யுத்தம் முடியும் தறுவாயில் மற்றச் சேவைகளிலிருந்த பெண்களுக்கு வெகுமதிப் பணம் உண்டென்றும், நிலப்படைக்கு மட்டும் இல்லையென்றும் சர்க்கார் தீர்மானித்ததும், 1945 பிப்ரவரியில் லேடி டென்மன் தம் பதவியைத் துறந்து வெளியேறினார்.

பதக்கமில்லை, வெகுமதியில்லை. அந்தப் பெண்கள் மறுபடியும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் அடுப்பங்கரைகளுக்கும் திரும்பிப் போனார்கள்.

பிறகு என்ன நடந்தது? இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், எவரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து அவர்களைப் பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்தது. அது பார்லிமெண்டிலிருந்து வரவில்லை. சரித்திர ஆசிரியர்களின் மேஜையிலிருந்தும் வரவில்லை. நார்விச் நகரத்துத் தொலைக்காட்சிக் கம்பெனி ஒன்றின் ஹாஸ்யத் தொடராக அது வந்தது.

*

ஐம்பத்தைந்து வயது

1942-ல் இருபது வயதில் ரயிலேறி, முன்பின் அறியாத ஒரு கிராமத்து நிலையத்தில் கையில் பெட்டியுடன் இறங்கி நின்ற பெண்ணுக்கு 1977-ல் ஐம்பத்தைந்து வயது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, மாலை வேளையில் சற்றே உட்கார அவகாசம் கிடைக்கும் பருவம் அது. அவள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது.

அந்தக் காலத்துப் பிரிட்டன் மனம் சோர்ந்திருந்த தேசம். 1976-ல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டுக் கைநீட்ட வேண்டிய நிலைமை; அதே வருஷத்துக் கோடையில் வயல்கள் வெடித்துப் போகும்படியான கொடிய வறட்சி. 1977-ல் ராணி எலிஸபெத்தின் வெள்ளி விழாவுக்காகத் தெருத் தெருவாக மேஜைகளைப் போட்டு ஜனங்கள் கூடி உண்டபோது, முதியவர்கள் பலருக்கும் 1945-ம் வருஷத்து வெற்றி விருந்துகள் ஞாபகத்துக்கு வந்திருக்கும். நிகழ்காலம் கசக்கிறபோது ஜனங்கள் கடந்த காலத்தை நாடுவது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான சுபாவந்தான்.

அந்த நாட்டத்துக்குத் தொலைக்காட்சி ஏற்கனவே தீனி போட்டு வந்தது. 1968-ல் பி.பி.சி.யில் தொடங்கிய ‘டாட்ஸ் ஆர்மி’, யுத்தகாலத்து உள்ளூர்க் காவற்படையில் சேர்ந்த கிழவர்களையும் பொடியன்களையும் வைத்துத் தேசத்தையே சிரிக்கவைத்துக் கொண்டிருந்தது. 1975-ல் தொடங்கிய ‘த குட் லைஃப்’, உத்தியோகத்தை உதறிவிட்டுத் தம் வீட்டுத் தோட்டத்தையே உழுது பயிரிடும் ஒரு தம்பதியைக் காட்டிற்று. யார்க்‌ஷயர் டெலிவிஷனின் ‘எமர்டேல் ஃபார்ம்’ 1972 முதலே பண்ணைக் குடும்பமொன்றின் கதையைச் சொல்லி வந்தது.

யுத்தகால ஹாஸ்யமும் இருந்தது. மண்ணைப் பற்றிய கதையும் இருந்தது. இரண்டையும் ஒன்றாய்க் கூட்டினால் எது கிடைக்குமோ அதைத்தான் ஆங்கிலியா டெலிவிஷன் கையிலெடுத்தது.

*

விவசாய மண்டபத்தில் ஒரு நிலையம்

இங்கே சற்று நின்று, ஆங்கிலியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதை வேறு எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம் என்று தோன்றலாம். நார்விச்சிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

1959-ம் வருஷம் அக்டோபர் 27-ம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கிய அந்தக் கம்பெனி, தனக்கு இருப்பிடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்ட கட்டடம் நார்விச்சின் பழைய விவசாய மண்டபம். 1882-ல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த அந்த மண்டபம் கால்நடைக் கண்காட்சிகளுக்கும் விவசாயிகளின் கூட்டங்களுக்குமென்றே எழுப்பப்பட்டது. கோட்டைக்கு அருகிலிருந்த மாட்டுச் சந்தையோ அதற்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாடுகளைப் பார்வையிட்ட இடத்தில் காமிராக்கள் வந்து நின்றன.

கம்பெனியின் தலைவராக அமர்ந்தவர் ஏழாம் டவுன்ஷெண்ட் பிரபு. இந்தப் பெயரை விவசாய சரித்திரம் படித்தவர்கள் உடனே தெரிந்துகொள்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், 1730-ல் மந்திரி பதவியை விட்டுவிட்டுத் தம் ரேன்ஹாம் பண்ணைக்குத் திரும்பி, கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்ற நான்கு போகச் சுழற்சியை ஊரறியப் பரப்பி, ‘டர்னிப் டவுன்ஷெண்ட்’ என்றே பெயர் பெற்றுவிட்ட பிரபுவின் வம்சத்தவர் அவர். நிலத்தைத் தரிசாகப் போடாமல் வருஷந்தோறும் விளைவிக்கும் வித்தையை ஆங்கிலேயர் கற்றதில் அந்தக் குடும்பத்துக்கும், நார்விச் இருக்கும் நார்ஃபோக் ஜில்லாவுக்கும் பெரும் பங்கு உண்டு.

அதுமட்டுமல்ல. ஆங்கிலியாவின் விவசாய நிகழ்ச்சியை நடத்திய டிக் ஜாய்ஸ் என்பவர், டவுன்ஷெண்ட் பண்ணையிலேயே குத்தகைக்கு உழுத விவசாயி. பிற்பாடு அவரே பழைய ஏர்களையும் அரிவாள்களையும் வண்டிச் சக்கரங்களையும் மக்களுக்கு எடுத்துக்காட்டும் ‘பைகான்ஸ்’ என்ற நிகழ்ச்சியாலும் பிரசித்தி பெற்றார். நிலத்தில் புழங்கிய கைகள் நிர்வாகத்திலும் திரையிலும் இருந்த ஸ்தாபனம் அது. அங்கே நிலப்படைக் கதை முளைத்ததில் வியப்பில்லை.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பிரிட்டனின் ஐ.டி.வி. அந்நாளில் ஒரே கம்பெனியாக இருக்கவில்லை; பதினைந்து பிராந்தியக் கம்பெனிகளின் கூட்டாக இருந்தது. தேசம் முழுவதும் ஒரே நேரத்தில் எது காட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் செல்வாக்கு தேம்ஸ், லண்டன் வீக்எண்ட், ஏ.டி.வி., கிரானடா, யார்க்‌ஷயர் என்ற ஐந்து பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தது. ஆங்கிலியாவைப் போன்ற சின்னக் கம்பெனிகள், தாங்கள் தயாரித்ததை அந்த ஐவரின் அட்டவணையில் எங்கேயாவது செருகிக்கொள்ள இடம் கேட்க வேண்டியிருந்தது.

ஆங்கிலியாவுக்கு அப்படி இடம் பெற்றுத் தந்தவை வேறு வகை நிகழ்ச்சிகள். வனவிலங்குகளைப் பற்றிய ‘சர்வைவல்’ ஒன்று. ‘சேல் ஆஃப் த செஞ்சுரி’ என்ற வினாவிடைப் போட்டி மற்றொன்று. ஹாஸ்யத் தொடர் அதன் வழக்கமான சரக்கல்ல.

*

மூன்று பெண்களும் ஒரு பண்ணையும்

1977-ல் அந்தத் தொடர் வெளிவந்தது. பெயர் ‘பேக்ஸ் டு த லேண்ட்’. எழுதியவர் டேவிட் கிளைமி. நகரத்திலிருந்து நிலப்படையில் சேர்ந்து ஒரு பண்ணைக்கு அனுப்பப்படும் மூன்று பெண்கள், அவர்களை வைத்துக்கொண்டு காலந்தள்ள வேண்டிய டாம் விட்லோ என்ற விவசாயி, அவருடைய பிள்ளைகள். கதையின் மூலதனம் இவ்வளவுதான்.

இந்த மூலதனம் சொற்பமென்று எண்ணலாகாது. ஆங்கில ஹாஸ்யத் தொடருக்கு அக்காலத்தில் ஒரு எழுதாத இலக்கணம் இருந்தது. ஒருவரையொருவர் சகிக்க முடியாதவர்கள், ஒருவரைவிட்டு ஒருவர் விலகவும் முடியாதபடி ஓரிடத்தில் அடைபட்டிருக்க வேண்டும். ‘ஸ்டெப்டோ அண்ட் ஸன்’ தொடரில் தந்தையும் மகனும் பழஞ்சாமான் கிடங்கில் அடைபட்டிருந்தார்கள். ‘பாரிட்ஜ்’ தொடரில் அந்த இடம் சிறைச்சாலையே. கதவைத் திறந்துகொண்டு போய்விட முடியுமானால் அடுத்த வாரத்துக்குக் கதையில்லை.

யுத்தகாலப் பண்ணையில் இந்த அடைப்பைச் சரித்திரமே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. 1941 டிசம்பரில் நிறைவேறிய தேசிய சேவைச் சட்டத்தின்படி மணமாகாத இளம்பெண்கள் ஏதாவதொரு தேச சேவையில் சேர்ந்தே தீரவேண்டும். நிலப்படை அவற்றில் ஒன்று. பண்ணைக்காரருக்கோ, எந்த வயலில் எதை விதைக்க வேண்டுமென்று உத்தரவிடவும், உத்தரவுக்கு அடங்காதவரின் நிலத்தையே எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் பெற்ற ஜில்லா யுத்த விவசாயக் கமிட்டி தலைக்கு மேலே நின்றது. அவருக்கு இந்தப் பெண்கள் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஆளில்லாமல் முடியாது. பெண்களுக்கு இந்தச் சேறு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஓட முடியாது.

டேவிட் கிளைமி தேர்ந்தெடுத்த களம் எவ்வளவு பொருத்தமானது என்பதை இதிலிருந்து வாசகர்களே ஊகிக்கலாம். இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்களே அரிது. பேசுகிற சிலரும் இதை ‘டாட்ஸ் ஆர்மி’யின் நிழலென்று தள்ளிவிடுவதுண்டு. அது நியாயமான தீர்ப்பென்று எனக்குத் தோன்றவில்லை. காவற்படைக் கிழவர்கள் மாலையில் கவாத்துப் பழகிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி சமைத்ததைச் சாப்பிட்டார்கள். நிலப்படைப் பெண்ணோ அந்நியர் வீட்டில், அவர்கள் போட்டதைத் தின்று, அவர்கள் காட்டிய பரணில் படுத்து, விடிவதற்குள் எழுந்து மாட்டுக் கொட்டிலுக்குப் போனாள். நாடகத்துக்கு வேண்டிய உரசல் இரண்டாவதில்தான் அதிகம்.

*

பாத்திரம் ஏற்றவர்கள்

விவசாயியாக நடித்தவர் ஜான் ஸ்டிராட்டன். லங்காஷயரில் பிறந்து நாடக மேடையில் தேறிய அனுபவசாலி. மூன்று பெண்களாக முதலில் தோன்றியவர்கள் ஃபிலிப்பா ஹவல், தெரீஸ் ஸ்டீவன்ஸ், மாரிலின் கால்ஸ்வொர்தி ஆகியோர். பிறகு மாரிலின் கால்ஸ்வொர்தி விலக, பிப்பா பேஜ் என்பவர் வந்து சேர்ந்தார்.

விவசாயியின் பிள்ளைகளாக வந்தவர்களைப் பற்றி ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. டேவிட் டிரவுட்டன், மைக்கேல் டிரவுட்டன் என்ற அவ்விருவரும் நிஜ வாழ்விலும் அண்ணன் தம்பியர். ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1966 முதல் 1969 வரை இரண்டாவது டாக்டராக நடித்துப் புகழ்பெற்ற பாட்ரிக் டிரவுட்டனின் புதல்வர்கள். திரையில் அவர்களுக்குத் தகப்பனாக நடித்த ஜான் ஸ்டிராட்டன், 1985-ல் அதே ‘டாக்டர் ஹூ’வின் ஒரு கதையில் அவர்களைப் பெற்ற பாட்ரிக் டிரவுட்டனோடு சேர்ந்து நடித்தார். டேவிட் டிரவுட்டன் பிற்காலத்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடையில் பெரும் பாத்திரங்களை ஏற்று உயர்ந்தார்.

ஆனால் என் அபிப்பிராயத்தில், அந்தத் தொடரின் மிக நுட்பமான தேர்வு முகம் காட்டாத ஒருவரைப் பற்றியது. முகப்புப் பாடலைப் பாடியவர் ஆன் ஷெல்டன். யுத்த நாட்களில் வானொலி மூலமாக அன்னிய மண்ணில் போரிட்ட சிப்பாய்களுக்குப் பாடி அவர்களுடைய தனிமையைத் தணித்த குரல் அது. 1956-ல் பிரிட்டனின் பாட்டுப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த குரல். 1977-ல் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்த அந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, ஆன் ஷெல்டன் இன்னாரென்று எவரும் சொல்லவேண்டியதில்லை. படம் தொடங்குமுன்பே அந்தக் குரல் அவளை அவளுடைய இருபதாவது வயதுக்குக் கொண்டுபோய்விடும். இளைய தலைமுறைக்கு அது வெறும் பழைய பாணிப் பாட்டு. அவளுக்கு அது கொட்டில் விளக்கின் வெளிச்சத்தில் கேட்ட பாட்டு.

*

திரை தாங்காதது

இனி, ஹாஸ்யம் எதைத் தொடமுடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காலத்து ஐ.டி.வி. ஹாஸ்யத் தொடர் அரைமணி நேர இடத்தில், நடுவே விளம்பரத்துக்கு ஓர் இடைவெளி விட்டு, இருபத்தைந்து நிமிஷ அளவில் இரண்டு பாகமாக முடியவேண்டும். உள்ளறைக் காட்சிகளை ஸ்டூடியோவில் பல காமிராக்களால் வீடியோ நாடாவிலும், வெளிப்புறக் காட்சிகளைத் தனியே போய் ஃபிலிமிலும் எடுப்பது அந்நாளைய வழக்கம். ஃபிலிம் செலவு அதிகம். மழையும் வெயிலும் டைரக்டரின் சொற்கேட்பதில்லை. ஆகவே எந்தத் தொடரானாலும் கதை கூடியமட்டும் நான்கு சுவர்களுக்குள்ளேயே நடக்கும்படி எழுதப்பட்டது. அலுவலகத்தைப் பற்றிய தொடருக்கு இதனால் நஷ்டமில்லை. பண்ணையைப் பற்றிய தொடருக்கோ, கதையின் உயிரே வெளியே வயலில் இருக்கிறது.

கிழக்கு ஆங்கிலியாவின் சர்க்கரைக் கிழங்கு அறுவடையை எடுத்துக்கொள்வோம். நார்ஃபோக்கின் கான்ட்லி என்ற ஊரில் 1912-ல் கிழங்குச் சர்க்கரை ஆலை வந்தது முதல் அந்தப் பயிர் அவ்வட்டாரத்தின் ஜீவாதாரங்களில் ஒன்று. அறுவடை இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கடுங்குளிரில் முடியும்.

கலப்பை மண்ணைத் தளர்த்திக்கொண்டு போனபின், பெண் குனிந்து இரண்டு கைகளிலும் இரண்டு கிழங்குகளை இலையோடு பற்றிப் பிடுங்குவாள். ஒன்றோடொன்று மோதித் தட்டுவாள். ஒட்டியிருந்த களிமண் உதிரும். வரிசையாக அவற்றைக் கிடத்திக்கொண்டே போவாள். பின்பு திரும்பி வந்து, நுனியில் முள் வைத்த வளைந்த கத்தியால் ஒவ்வொரு கிழங்கையும் குத்தித் தூக்கி, இடது கையில் வாங்கி, வலது கையின் ஒரே வெட்டில் இலைக் கொண்டையைச் சீவிவிட்டுக் குவியலில் எறிவாள். இலைகளின்மேல் உறைபனி படிந்திருக்கும். சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலுக்கும் கத்திக்கும் இடையே இருப்பது கண்ணின் கவனம் ஒன்றுதான். குனிந்த முதுகு நிமிர்வது வரப்பின் முடிவில். நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வரிசை காத்திருக்கும்.

இந்தக் காட்சியை ஸ்டூடியோ விளக்கின்கீழ் எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவந்தாலும் யார் சிரிப்பார்கள்?

சிரிப்புக்கு இடமுள்ளவையும் அந்த வாழ்க்கையில் ஏராளம் இருந்தன என்பதை மறுக்கவில்லை. பால் கறக்கப் பழகும் பெண்களுக்கு ஸ்பார்ஷோல்ட் விவசாயப் பள்ளியில் ரப்பர்க் காம்புகள் வைத்த பொய் மடியைத் தொங்கவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பொய் மடி உதைக்காது. நிஜப் பசு உதைக்கும். அதன் பலனைப் பெண்கள் முதல் நாளே தெரிந்துகொண்டார்கள். சுமார் ஆயிரம் பெண்கள் எலி பிடிப்பதையே தொழிலாகக் கற்று ஊரூராய்ப் போனார்கள். பண்ணைக்காரர்களின் ஏளனம், கிராமத்துப் பெண்களின் சந்தேகப் பார்வை, வாலிபர்களின் குறும்பு, இவை அத்தனையும் ஹாஸ்யத்துக்கு விருந்துதான்.

ஆயினும் இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. யுத்த நாட்களிலேயே நிலப்படைப் பெண்களைச் சுற்றி ஒரு கேலிப் பேச்சு படர்ந்திருந்தது: வைக்கோற்போர், வாலிபன், வெட்கமில்லாத நகரத்துப் பெண் என்று. படையின் சொந்த அணிவகுப்புப் பாடலின் பெயரைச் சற்றே திரித்து வைத்த தொடரின் பெயரே அந்தக் கேலிப் பேச்சை நினைவூட்டுகிறது. சிரிக்க வைப்பதற்காகப் பழைய கேலியை மறுபடியும் உயிர்ப்பித்தால், 1945-ல் சர்க்கார் செய்த அநீதி மேலும் ஆழப் புதைந்துபோகும் அபாயம் உண்டு. வேடிக்கையான பெண்கள் என்று நினைவில் நிற்பவர்களுக்கு எதற்காகப் பதக்கம் என்று ஜனங்கள் கேட்டுவிடுவார்களல்லவா?

அப்படியிருந்தும் தராசின் மறுதட்டில் நான் ஒன்றை வைப்பேன். அந்தத் தொடரில் கதாநாயகர்கள் பெண்கள். வீரன் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கும் மனைவியாகவோ, சிப்பாய்க்குக் கையசைக்கும் காதலியாகவோ அவர்கள் வரவில்லை. வேலைக்காரர்களாக, உடுப்பணிந்தவர்களாக, யுத்தத்தில் தங்களுக்கென்று ஒரு கடமையுள்ளவர்களாக வந்தார்கள். யுத்த ஹாஸ்யம் என்றாலே ஆண்களின் படைவீடு என்றிருந்த நாளில் இது சின்ன காரியமல்ல.

*

ஒரே ஜில்லாவில் இரண்டு படைகள்

தொடர் 1977-லும் 1978-லும் ஓடியது. பிறகு நின்றது. நின்றபின் மறக்கப்பட்டது.

மறதிக்குக் காரணம் தேடினால், ‘டாட்ஸ் ஆர்மி’யை அருகில் வைத்துப் பார்ப்பதே நல்ல வழி. அதன் கதை நடந்த ஊர் தென்கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை. வெளிப்புறப் படப்பிடிப்பு நடந்ததோ நார்ஃபோக்கிலுள்ள தெட்ஃபோர்டில், ஆங்கிலியாவின் கொல்லைப்புறத்திலேயே. 80 பகுதிகள் வெளிவந்த அந்தத் தொடர் 1977 நவம்பர் 13-ம் தேதி முற்றுப்பெற்றது. அதாவது, காவற்படை விடைபெற்ற வருஷமும் நிலப்படை திரைக்கு வந்த வருஷமும் ஒன்றே.

‘டாட்ஸ் ஆர்மி’யை உருவாக்கிய ஜிம்மி பெர்ரி, சிறுவனாக இருந்தபோது காவற்படையில் தாமே சேவை செய்தவர். தம் அனுபவத்தைத் தாமே எழுதினார். நிலப்படைப் பெண்களுக்கோ அப்படிப் பேனாவும் திரையும் ஒருங்கே கிட்டவில்லை. பி.பி.சி. என்பது ஒரே ஸ்தாபனம். தான் விரும்பியதைத் தேசம் முழுவதும் திரும்பத் திரும்பக் காட்ட வல்லது. ஆங்கிலியாவோ பதினைந்தில் ஒன்று. 1979-ல் ‘டேல்ஸ் ஆஃப் த அன்எக்ஸ்பெக்டெட்’ என்ற தொடரால் உலகப் புகழ் வந்ததும் அதன் கவனமெல்லாம் அந்தத் திசையில் திரும்பிற்று.

இன்னொரு வித்தியாசம் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. மூன்று வருஷம் சேவை செய்த காவற்படையினருக்கு ‘டிஃபென்ஸ் மெடல்’ என்ற தற்காப்புப் பதக்கம் உரியதாயிற்று. நிலப்படைப் பெண்களுக்கு அது இல்லை. யுத்தகாலத்தில் சுமார் 60 லட்சம் ஏக்கர் புதிதாக உழவுக்கு வந்தது. அந்த உழவில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது. ஆனால் அவர்கள் ராணுவமல்ல, சிவில் தற்காப்புமல்ல, பண்ணைக்காரரிடம் கூலி வாங்கிய வேலைக்காரர்கள் என்று சர்க்கார் தரம் பிரித்துவிட்டது. அதிகாரபூர்வமாக மதிப்புப் பெற்ற படையின் ஹாஸ்யம் நிலைத்தது; மதிப்பு மறுக்கப்பட்ட படையின் ஹாஸ்யம் அதோடு சேர்ந்தே மறைந்தது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று நிரூபிக்க இயலாது. ஆனால் ஒரு தேசம் எதை ஞாபகத்தில் வைக்கத் தீர்மானிக்கிறதோ அதைப் பற்றித்தான் மீண்டும் மீண்டும் பேசும், பாடும், சிரிக்கும் என்றே நான் நம்புகிறேன்.

*

ஒரு சின்னம்

நிலப்படைப் பெண்கள் திரைக்குத் திரும்பிவர மேலும் இருபது வருஷம் ஆயிற்று. 1998-ல் ‘த லேண்ட் கேர்ள்ஸ்’ என்ற திரைப்படம் வந்தது. அது ஆஞ்சலா ஹூத் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. 2009-ல் பி.பி.சி.யே ‘லேண்ட் கேர்ள்ஸ்’ என்ற தொடரைத் தயாரித்தது. அவற்றில் சிரிப்பு குறைந்து கண்ணீர் மிகுந்திருந்தது. அதற்குள் அந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எண்பத்தேழு ஆகியிருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவில்தான் லண்டனில் ஒரு காரியம் நடந்தது. 1945-ல் லேடி டென்மனின் ராஜிநாமாவுக்கும் அசையாத சர்க்கார், 1950-ல் அரண்மனை அணிவகுப்போடு கணக்கை முடித்துவிட்ட சர்க்கார், 2008-ல் உயிரோடிருந்த நிலப்படைப் பெண்களுக்கெல்லாம் ஒரு சின்னத்தை வழங்க முன்வந்தது. படை கலைந்து ஐம்பத்தெட்டு வருஷம் கழிந்திருந்தது. எண்பதும் தொண்ணூறும் வயதான மூதாட்டிகள் அதற்காக மனுப் போட்டார்கள். 2014-ல் ஸ்டாஃபோர்ட்‌ஷயரிலுள்ள தேசிய நினைவு வனத்தில் அவர்களுக்குச் சிலையும் எழுந்தது.

அறுபது வருஷ காலம் மந்திரிக்குப் பின் மந்திரியாக மறுத்துவந்ததை, ஒரு சர்க்கார் ஏன் திடீரென்று கொடுத்தது? கேட்டவர்கள் யார்? பதக்கமாக அல்லாமல் வெறும் சின்னமாகக் கொடுத்ததற்குக் காரணம் என்ன?

அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)